பாப்பாத்தியக்கா எதற்குச் சிரித்தார்?

என் பிரியமான பாப்பாத்தியக்காவுக்கு,

“டீச்சரு, நாஞ் சிரிச்சது தப்புங்களா?”

அந்த வாரப் பத்திரிகையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் வாசலில் வந்து நின்று இப்படித்தான் கேட்டீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் இருந்த போட்டோ உங்களுடையது என்று தெரிந்திருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிற போட்டோ. அதன் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பத்திரிகையைத் திரும்ப நாலாக மடித்தீர்கள். பிறகுதான் இந்தக் கேள்வி.

நான் என்ன சொன்னேன்? “உடுங்கக்கா, நாலு நாள்ல மறந்துருவாங்க” என்றேன். கேட்ட கேள்விக்கு அது விடையா? என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் குறுக்கே கோடு போட்டுப் பூஜ்யம் கொடுத்திருப்பேன்.

இப்போது விடை சொல்கிறேன். தப்பில்லை அக்கா. துளிகூடத் தப்பில்லை. நீங்கள் மண்ணுக்குள் போன பிறகு சொல்கிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருக்கிறது. போன வாரத்திலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அடிவாரத்துக்காரி. பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு மலையேறி வந்தவள், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. நீங்கள் எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர். பதினெட்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்றீர்கள். சாம்பாரில் கத்தரிக்காய் போட்டால் எந்தப் பிள்ளை ஒதுக்கி வைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் கண்ணில் படாத அளவுக்கு நறுக்கிப் போடுவீர்கள். ஊர்ப் பூசைக்குக் கெடா வெட்டினால் குடல் அலசுகிற பெண்களுக்குத் தலைமையும் நீங்கள்தான். நீங்கள் அலசிய குடலில் ஒரு மண்துகள் பல்லில் கடிபட்டதாக எவரும் சொன்னதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கடைக்காரப் பெரியசாமி புதிதாக விசிடி பிளேயர் வாங்கியிருந்த காலம். மிளகு காயவைக்கிற கொட்டகையில் டிவியைத் தூக்கி வைத்து, வாரம் ஒரு படம் போடுவார். கீழே சந்தைக்குப் போனபோது ஒரு படத்தை எடுத்து வந்திருந்தார். அட்டையில் கண் சிவந்த ஒரு பெண், விரித்த தலைமுடி, கையில் சூலம் மாதிரி மூன்று பல் கவை. அவர் என்ன நினைத்தார்? அம்மன் படம் என்று நினைத்தார். ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டார்கள். நீங்கள் டிவிக்குச் செவ்வந்திப் பூச்சரம் சாத்தினீர்கள்.

படம் ஓட ஆரம்பித்துக் கால்மணி நேரத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் கோடாலியோடு வந்தான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில், கையில் இருந்ததை வைத்து எடுத்த பேய்ப்படம். எந்த மொழி என்று எனக்கும் புரியவில்லை. காட்டுக்குள் பாழடைந்த பங்களா, சுற்றிப் பார்க்க வந்த ஏழு பேர், ஒவ்வொருவராக வெட்டுப்படுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

“ஏனுங்க பெரியசாமி, அம்மன் எப்பங்க வரும்?” என்று நீங்கள் கேட்டீர்கள்.

“வரும், வரும். மொதல்ல அசுரனுங்க அட்டகாசம் பண்ணோணுமல்ல” என்று அவர் சமாளித்தார்.

நான் முதல் வெட்டுக்கே முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் குரல் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

“அந்தக் கோடாலி புடிக்கிற கையப் பாருங்க. ஒரு நாளாச்சும் வெறகு பொளந்திருப்பானா? இவங்கிட்ட மாட்டிச் சாகறதுக்கு அந்தப் புள்ள நின்னு குடுத்தாத்தான் உண்டு.”

“ரத்தமா அது? ரத்தம்னா சித்த நேரத்துல கறுக்கோணும், கட்டி புடிக்கோணும். இது செவுத்துக்குப் பூசுன காவியாட்டம் அப்படியே நிக்குது.”

ஒருவனுடைய வயிற்றிலிருந்து குடலை உருவி எடுத்தானாம். கொட்டகையே அதிர்கிற மாதிரி பெண்கள் சிரித்தார்கள். “அலசாமயே இத்தன வெள்ளைக் கொடலுங்களா! மரவள்ளிக்கெழங்கத் தோலு சீவிக் கோத்திருக்கான் பாவி!” என்று நீங்கள் கத்தினீர்கள். என் தோளைப் பிடித்து உலுக்கி, “டீச்சரு, கண்ணத் தொறங்க. எல்லாம் சாயந்தானுங்க” என்றீர்கள். அப்போதுதான் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குச் சுற்றுலா வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், மலையில் விசிடி வந்த கதையை எழுதப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எடுத்த போட்டோதான் அது. எடுத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் மேடம். படம் பார்த்தவங்க கருத்தை நீங்களே கேட்டு எழுதி அனுப்பிடுங்க” என்று விலாசத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நடந்ததுதான் முக்கியம். அதை அவர் பார்க்கவில்லை.

படத்தில் அந்தக் கொலைகாரன் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை இழுத்து வருகிறான். நீங்கள் சட்டென்று என் முந்தானையை எடுத்து நீங்களே என் முகத்தில் போட்டீர்கள்.

“இப்ப மூடிக்கங்க டீச்சரு. இது நெசம்.”

கொட்டகையில் சிரிப்பு நின்றது. அந்தக் குட்டியின் கத்தல் மட்டும் டிவியிலிருந்து வந்தது. நீங்கள் எழுந்து போனது தெரிந்தது. “அமத்துங்க பெரியசாமி. அமத்துங்கறேன்!”

“படந்தானுங்கக்கா...”

“மனுசங்களுக்குச் சாயத்த ஊத்துனான், சிரிச்சோம். இந்தக் குட்டிய நெசமாலுமே அறுத்துப் படம் புடிச்சிருக்கான். கால் ஒதறுறது தெரியலீங்களா? தண்ணி தெளிச்சானா? கேட்டானா? கறிக்குங்கூட இல்ல, வேடிக்க காட்டறதுக்கு அறுத்திருக்கான். நாம பாத்துட்டுக் குந்தியிருந்தா நமக்குஞ் சேத்தி அறுத்த மாதிரி ஆயிரும்.”

டிவி நின்றது. செவ்வந்திச் சரத்தை நீங்களே கழற்றி எடுத்தீர்கள். எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆறு மனிதர்கள் வெட்டுப்பட்டபோது சிரித்த கூட்டம், ஒரு ஆட்டுக்குட்டிக்குப் படத்தையே நிறுத்திவிட்டது. ஏழாவது ஆள் தப்பித்தானா என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது, எவரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் சொன்ன அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே பூசைக்கு நிற்கிற ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது தன் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குப் பெயர் துளுக்குக் கேட்பது. உதறாத ஆட்டின் மேல் கத்தி வைக்கக் கூடாது. ஒரு வருடம் உங்கள் வீட்டுக் கெடா உதறவே இல்லை. வெயில் ஏற ஏற ஊரே நின்றது. மூன்று தரம் தண்ணீர் தெளித்தும் அது பக்கத்தில் இருந்த பலா இலையைத் தின்றுகொண்டிருந்தது. “அதுக்கு இஷ்டமில்லைங்கறது. அவுத்து உடுங்க” என்று நீங்கள்தான் கயிற்றை அவிழ்த்தீர்கள். அன்றைக்கு ஊருக்கே பருப்புக் குழம்பு. ஆடு சம்மதம் சொல்கிறதா, குளிருக்கு உதறுகிறதா என்று நான் படித்தவளின் திமிரோடு கேட்டிருக்கிறேன். “எதுக்கோ ஒதறட்டுங்க. நாம நின்னு கேக்கறமல்ல, அதுதான் டீச்சரு” என்றீர்கள். கொல்வதற்கு முன்னால் நின்று கேட்க வேண்டும் என்று தெரிந்த ஊர் இது.

அடுத்த நாள் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதில் என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

பத்திரிகைக்காரர் என்னை நம்பி வேலை கொடுத்துவிட்டார் என்ற பெருமையில், முழுத்தாளில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். பெயர், வயது, வேலை, படம் பார்த்தபோது என்ன தோன்றியது, ஒரு வரியில். முப்பது வருடம் ‘ஓரிரு சொற்களில் விடை தருக’ என்று கேட்டுப் பழகிய கை. பதினொரு பேரிடம் கேட்டேன். உங்கள் அடுப்படிக்கும் வந்தேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டே கோடாலியில் ஆரம்பித்து ஆட்டுக்குட்டி வரைக்கும் சொன்னீர்கள். இடையில் இன்னொன்றும் சொன்னீர்கள்: “அத்தன பேரு செத்தாங்க, ஒருத்தருக்காச்சும் ஒரு அழுக உண்டுங்களா? தேடிக்கிட்டு ஒரு அப்பன், ஆத்தா வந்தாங்களா? ஊட்டுல நாதியில்லாதவங்களாப் பாத்துப் புடிச்சாந்திருக்கான்.” ஒரு படத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எவர் சொல்ல முடியும்?

நான் எழுதியது: ‘சிரிப்பாக இருந்தது.’

“ஆட்டுக்குட்டி சமாச்சாரத்தையும் எழுதிக்கங்க டீச்சரு.”

“அது படத்தோட கதை இல்லீங்களே அக்கா. கட்டமும் பத்தாது.”

“கட்டத்தப் பெருசாப் போடறது” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனீர்கள்.

பதினொரு பேருக்கும் அப்படித்தான் எழுதினேன். ‘சிரிப்பு வந்தது.’ ‘வேடிக்கையாக இருந்தது.’ ‘பயம் இல்லை.’ அதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று சிரித்தால், எதற்குச் சிரித்தாய் என்று கேட்பது வாத்தியாரின் முதல் வேலை. பக்கத்தில் இருப்பவன் விழுந்ததற்குச் சிரித்தானா, விழுந்தவன் தானே சிரித்ததைப் பார்த்துச் சிரித்தானா என்று தெரியாமல் பிரம்பை எடுக்கக் கூடாது. அந்த வேலையைத்தான் நான் அன்று செய்யவில்லை.

வந்த கட்டுரையை மறக்க முடியுமா? ரத்தத்தைப் பார்த்தால் இந்த மலைக்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறதாம். மனிதனை வெட்டும்போது பெண்கள் கைதட்டுகிறார்களாம். நாகரிகம் இன்னும் கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிக்கவில்லையாம். போட்டோவுக்குக் கீழே, இந்தக் கைகள்தான் நம் குழந்தைகளுக்குச் சோறு போடுகின்றன என்று ஒரு வரி. பாதிப் படம் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனவர், ஒரு ஊரின் குணத்தை முழுதாக எழுதிவிட்டார். கணக்கில் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு விடை தப்பு என்று அடித்தால் அந்த வாத்தியாரை என்ன சொல்வோம்?

கீழே ஆபீசில் ஒரு அதிகாரி அதைப் படித்தார். உங்களைக் கூப்பிட்டார். உங்கள் மகள் செல்வி துணைக்கு வந்தாள். உங்களை நிற்கவைத்துப் பேசினார் என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

“இது நீங்கதானேம்மா?”

“நாந்தானுங்க சாமி.”

“ரத்தம் பாத்துச் சிரிப்பீங்களா?”

“அது ரத்தமில்லீங்க, சாயமுங்க.”

“எதிர்த்துப் பேசாதீங்க.”

அவ்வளவுதான் விசாரணை. குழந்தைகளுக்குச் சமைக்கத் தகுந்த மனநிலை இல்லாதவர் என்று ஒரு தாள் வந்தது. கொல்ல மட்டும் தெரிந்தவனையும் கொல்லும் முன் நின்று கேட்கிறவளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒருவர் கையெழுத்துப் போட்ட தாள். அந்த அதிகாரி ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத ஆளா? அவர் இலைக்கு வந்த ஆட்டிடம் யார் கேட்டார்கள்?

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த வருடம் காமாலை வந்து போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கட்டுரைதான் உங்களைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். அது பொய்யாகிவிடும், பொய்யைச் சேர்த்தால் மெய்யும் பலவீனப்படும். ஆனால் கடைசி ஒரு வருடம் நீங்கள் வாயை மூடாமல் சிரித்து நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வீர்கள். அதைச் செய்தவர்கள் யார் என்று எழுதலாம் அல்லவா?

இனி போன வாரச் செய்தி.

அதே பத்திரிகை. அதே ஆள். பட்டணத்தில் சினிமா ரசிகர்கள் கூடி அதே படத்தைப் போட்டிருக்கிறார்கள். கூடவே அச்சடித்திருந்த விசிடி அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே கண் சிவந்த பெண், அதே கவை. பெரியசாமியிடமும் காட்டினேன். “நம்ம அம்மனுங்கோ!” என்றார், உடனே முகம் சுருங்கிவிட்டது. பார்த்தவர்களின் கருத்து என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்கிறார், விழுந்து விழுந்து சிரித்தேன் என்று. ரத்தம் ரத்தமாகவே இல்லாததுதான் இதன் அழகு என்கிறார் இன்னொருவர். குடல் உருவுகிற காட்சிக்கு அரங்கமே கைதட்டியதாம். காசில்லாமல் எடுத்த படத்தில் எவ்வளவு கற்பனை என்று ஒரு அம்மாள் வியக்கிறார்.

அவர்கள் சிரித்தால் ரசனை. நீங்கள் சிரித்தால் காட்டுமிராண்டித்தனம். அவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை அக்கா. போகவும் வேண்டாம். சாயத்துக்குச் சிரிப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்தை நான் நான்கு முறை படித்தேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு வரி, ஒரு சொல் இல்லை. அத்தனை பேரும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நிஜம் எது, சாயம் எது என்று அவர்களில் ஒருவர் கண்ணுக்காவது தெரிந்திருக்காதா? தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்களா? அல்லது என் போல் யாராவது அவர்களுக்கும் சின்னக் கட்டம் போட்டுக் கொடுத்தார்களா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதுவேன். அந்த ஆள் அன்றைக்கு அப்படி எழுதியிருக்கலாம்.

இத்தனை கோபத்திலும் அவசரம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். செல்வி உங்கள் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். உங்கள் பக்குவம் அப்படியே அவள் கையில் இருக்கிறது. ஆபீசில் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, “அந்தம்மா மகளா நீ?” என்று கேட்டு ஒரு பக்கமாக வைத்துவிட்டார்களாம். வந்து அழுதாள். “எங்கம்மா அப்படி என்னதான் பண்ணிப்போட்டாங்க டீச்சர், சொல்லுங்க. நாலு பேரு மாதிரி அவங்களும் சிரிச்சாங்க, அவ்வளவுதானே?”

“அவ்வளவு இல்லை கண்ணு. சிரிச்சுட்டு, பிறகு எந்திரிச்சாங்க” என்றேன். அவள் அன்று கொட்டகைக்கு வரவில்லை. முழுக் கதையை அவளுக்குச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லையே அக்கா, ஏன்?

பதினொரு பேரில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்தேன். கோடு போடாத நோட்டில் எழுதினேன். பெரியசாமி மட்டும் ஆறு பக்கம் சொன்னார், அதில் நாலு பக்கம் தன் விசிடி பிளேயரைப் பற்றி. ஒரு வரிகூட வெட்டவில்லை. உங்கள் பக்கத்தை எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் நானே எழுதி, ‘இவர் சொன்னதை அன்று எழுதாமல் விட்டவள் நான்’ என்று கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் செல்வியோடு நானும் இறங்குகிறேன் அக்கா. அந்த மேஜைக்கு முன்னால் நின்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன். எதிர்த்துப் பேசாதீர்கள் என்றால், படித்து முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்பேன். உங்கள் பெயருக்கு எதிரே இருக்கிற ‘தகுந்த மனநிலை இல்லாதவர்’ என்ற வரியை அடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போவேன். ஓய்வு பெற்றவளுக்குத் திங்கட்கிழமைகளுக்கா பஞ்சம்? இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இதைக் கூடவே படித்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவரிடம், கடைசியாகப் பார்த்த படம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்ன பிறகு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சியான
கமலா டீச்சர்